பண்டிகைக்கு வான்கோழி



தோட்டத்தில் பண்டிகை என்றால் நமக்குக் கோழிக் குழம்புதான். ஆனால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் காலத்தில் பேரங்காடிகளில் உறைந்த வான்கோழியைப் பார்க்கிறார்கள். மலாய் மொழியில் இதற்கு 'ஆயாம் பெலாண்டா', அதாவது டச்சுக் கோழி என்று பெயர். உண்மையில் இது டச்சுக்காரர்களின் பறவை அன்று. மெக்சிகோவில் வளர்க்கப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது.

சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து மாதா ஆலயத்துக்கு வரும் தமிழர்களுக்குத் தேக்கா சந்தை தொலைவில் இல்லை. மசாலைச் சாமான் அத்தனையும் அங்கே கிடைக்கும். ஆயினும், "காசு போட்டு வாங்கினோம், சக்கையாக இருக்கிறதே!" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாகலாமா? காரணத்தைப் பார்ப்போம்.

வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு; சீக்கிரம் வெந்துவிடும். கால்கறி வேக நேரமாகும். கால் வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு வறண்டுபோகும். இதுதான் சிக்கல்.

முதலாவது, பனி இளக வேண்டும். 4 கிலோ பறவையைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 2 நாள் வையுங்கள். சமையல் மேடையில் வைத்தால் உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே வெளிக்கறியில் கிருமிகள் பெருகும். பச்சைக் கறியைக் குழாயில் கழுவவும் வேண்டாம். தெறிக்கும் நீர் கிருமியைப் பரப்பும்.

இரண்டாவது, உப்பு. கிலோவுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி தூள் உப்பைத் தடவி, ஓர் இரவு குளிரில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கிக் கறி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்புநீர் ஏற்றிய பறவை என்று உறையில் எழுதியிருந்தால் இதை விட்டுவிடலாம்.

மூன்றாவது, மசாலை. இஞ்சி, பூண்டு, மிளகு, மல்லி, சோம்பு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து நெய்யில் குழைத்து, தோலுக்கு மேலே மட்டுமல்ல, தோலை மெல்லத் தூக்கி உள்ளேயும் பூசுங்கள். வாசனை கறியோடு சேரும். நெய் நெஞ்சுக்கறியை வறள விடாது.

அடுப்புப் பெட்டி இருந்தால் 165 பாகைச் சூட்டில் 4 கிலோ பறவைக்குச் சுமார் 3 மணி நேரம் ஆகும். தொடையின் தடித்த பாகத்தில் வெப்பமானி 74 பாகை காட்ட வேண்டும். இறக்கியதும் அரை மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள், சாறு வழிந்தோடாது.

அடுப்புப் பெட்டி இல்லையா? கவலை வேண்டாம். துண்டு போட்டு வாங்குங்கள். அகலச் சட்டியில் வெங்காயம் வதக்கி, மசாலையோடு கால்கறியை முதலில் போட்டு மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். பிறகு நெஞ்சுத் துண்டுகளைச் சேர்த்தால் சுமார் 20 நிமிடத்தில் வெந்துவிடும். இரண்டு கறியும் ஒரே பதத்தில் இருக்கும். நம் வீட்டுக் குழம்பின் மணமும் இருக்கும்.

மிச்சக் கறியை 2 மணி நேரத்துக்குள் குளிரில் எடுத்து வையுங்கள். பண்டிகை நாளில் பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதல்லவா? எலும்பைத் தூக்கி எறியாதீர்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டால் மறுநாளைக்கு அருமையான ரசம்.

பறவை புதிது, பக்குவம் நம்முடையது. பொறுமையாகச் செய்தால் பணமும் வீணாகாது, பந்தியும் நிறையும்.