தேர்ச்சிப் பட்டியலும் சேர்க்கைப் பதிவேடும்



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. வாழ்த்த வந்தோர் பலர் உளர். நமக்குத் தரப்பட்ட தலைப்போ, காட்டுப்பள்ளி வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பயில்வோர் யாவர், அவர்தம் கல்வி எந்நிலையில் உள்ளது என்பது. ஊரின் பெயரிலேயே பள்ளியை வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதைப் பேசாமல் வேறெதைப் பேசுவது?

கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே மணல்மேடாகக் கிடந்த பகுதி இது. அருகே எண்ணூரில் 2001-இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அளவில் இங்கு அமைந்தது. பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்தது. 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. இத்துணையும் நம் சங்கத்தின் வயதுக்குள் நிகழ்ந்தவை. ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்போர் நம்மவர். உவர்நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்போர் இருளர் குடியினர். கடலை நம்பி வாழ்வோர் மீனவர். இம்மூவர் வீட்டுப் பிள்ளைகளே அரசுப் பள்ளியின் பெரும்பகுதி.

“உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுவதில்லை” என்னும் பழிச்சொல்லை நாம் கேட்டு வளர்ந்தோம். இன்று அது நாகரிகமான புள்ளிவிவர உடையுடன் வருகின்றது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் நடைமுறை. ஆதலால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்பது நமக்கு எதையும் உணர்த்தாது. பிள்ளை வாசிக்கின்றதா என்பதே வினா. 2018-இல் தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில், மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லோர் நூற்றுக்கு 10.2 பேர் என ‘அசர்’ ஆய்வு கூறிற்று. கொரோனாவுக்குப் பின், 2022-இல், அது 4.8 ஆயிற்று. அதே கால அளவில், ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுள் அரசுப் பள்ளியில் சேர்ந்தோர் 67.4 விழுக்காட்டிலிருந்து 75.7 ஆக உயர்ந்தனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, “அரசுப் பள்ளிக்குப் போனார்கள், வாசிப்பு போயிற்று” என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அந்த 4.8 என்னும் எண்ணில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அடக்கம்! பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்தின் கணக்கு அது. ஒரு சாராரின் கணக்கன்று.

சிற்றூர்ப் பள்ளிக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. ஐந்தாம் வகுப்பில் எண்மரே இருப்பின், ஒரு பிள்ளை திணறினாலும் பன்னிரண்டரை விழுக்காடு சரிந்துவிடும். அந்த ஒரு பிள்ளை யார் என்று தேர்ச்சிப் பட்டியல் கூறாது. சேர்க்கைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் விரித்துப் பார்த்தாலே தெரியும். தை பிறந்ததும் சில பெயர்களுக்கு நேரே ‘வரவில்லை’ என்ற குறி தொடர்ந்து விழும். அவர்தம் பெற்றோர் முன்பணம் பெற்றுக்கொண்டு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்துச் செங்கற் சூளைகளுக்கோ மரம் வெட்டவோ குடும்பத்துடன் சென்றிருப்பர். ஆனி பிறந்த பின்னரே திரும்புவர். ஆண்டிறுதித் தேர்வு சித்திரையை ஒட்டி முடிந்துவிடும்.

இதிலே அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. ஆசிரியர் பணியிடங்கள் ஆகஸ்டு முதல் நாள் இருக்கும் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு வரையறுக்கப்படுகின்றன. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், வகுப்புகளோ ஐந்து. ஆகஸ்டில் எண்ணப்பட்ட பிள்ளை தையில் சூளையில் இருக்கின்றது. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து சூளைக்கு வரும் பிள்ளையோ, எண்ணி முடித்த பின்னர்தான் நம் மாவட்டத்தில் காலடி வைக்கின்றது. ஒரு பிள்ளை எண்ணப்பட்ட இடத்தில் இல்லை. மற்றொன்று இருக்கும் இடத்தில் எண்ணப்படவில்லை. சூளையருகே ஒடியா மொழியிலேயே பாடம் நடத்தும் முயற்சிகள் இம்மாவட்டத்தில் நடந்ததுண்டு; அவை பாராட்டத்தக்கவை. நம் இருளர் பிள்ளைகள் சூளைக்குச் செல்லும்போது அவர்களைத் தொடர்ந்து செல்வது யார்?

முன்பணம் புதிய நோயன்று. பொன்னேரி வட்டம் செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த நாளில், 1891-இல் ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, கடனுக்காக ஆளையே ஈடு வைக்கும் கொடுமையைப் பதிவு செய்தது. நிலமும் கல்வியும் இம்மக்களுக்கு வேண்டும் என்னும் பேச்சு அரசாங்கத்தின் காதில் விழுந்தது அப்போதுதான். 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். அக்காலத்தில் நம் பிள்ளை ஒரு பள்ளியில் நுழைந்தால், மற்றோர் தம் பிள்ளைகளை அப்பள்ளியினின்றும் அழைத்துக்கொண்டு போயினர். அதைச் சொல்லிச் சொல்லி நாம் நெஞ்சு புழுங்குகின்றோம்.

இனிக் கூறப்போவது கசக்கும், பொறுத்தருள வேண்டும். இன்று அழைத்துக்கொண்டு போவோர் யார்? துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஓரளவு நிலையான கூலி கண்ட நம் வீட்டார், காலையில் மஞ்சள் வேனுக்குப் பிள்ளைகளை நிறுத்துகின்றனர். ஆங்கில வழி வேண்டும் என்னும் ஆசை குற்றமன்று. அடக்கப்பட்டவன் அதை விரும்பாமல் வேறு யார் விரும்புவார்? இம்மேடையில் வீற்றிருப்போரின் பேரப்பிள்ளைகளும் அவ்வேனில் ஏறுகின்றனர். நாம் விலக்கல்லோம். ஆயினும் விளைவைப் பாருங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் வெளியேறிய பின், பள்ளியில் எஞ்சுவது கையெழுத்திடவும் கூசும் பெற்றோரின் பிள்ளைகள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் எனச் சட்டம் இருக்கின்றது. கூலியை விட்டு அந்தக் கூட்டத்திற்கு வரக்கூடியவர் எத்தனை பேர்? பிறகு நாமே, வேன் வரும் தெருமுனையில் நின்று, “அந்தப் பள்ளியில் தரமில்லை” என்கிறோம். அச்சொல்லை முன்பு எவர் வாயிலிருந்து கேட்டோம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்கின்றோமா?

பள்ளியிலும் நன்மை இல்லாமலில்லை. 1982-இல் விரிவான சத்துணவு வந்தது. 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு வழங்கப்படுகின்றது. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு அதன் அருமை தெரியும். வயிறு நிறைந்த பிள்ளைக்கு எழுத்தறிவிக்க நேரமும் ஆளும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆகையால் சங்கத்தின் மாலை வகுப்புப் பதிவேட்டில் இவ்வாண்டு முதல் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் மற்றொரு கட்டம் கோடிட்டிருக்கின்றோம். ‘தை முதல் வைகாசி வரை பெற்றோர் இருக்குமிடம்’ என்பது அதன் தலைப்பு. அக்கட்டத்தில் ‘சூளை’ என்று எழுத நேரும் பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்திக்கொள்ளப் பாட்டியோ அத்தையோ உள்ள வீடு எது, இல்லாதோர்க்கு எவர் வீட்டில் இடமுண்டு என்று கார்த்திகைக்குள் விசாரித்தாக வேண்டும். இடம் தர இசைவோர் இன்று விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம்.