நாம் எந்தக் கட்சி?



சொந்த ஊரில் பந்தாட்டம் பார்க்கச் செல்பவனுக்கு ஒரு கவலை இல்லை. அவன் எந்தக் கட்சி என்பது அவன் பிறந்த அன்றே முடிவாகிவிடுகிறது. ஊரை விட்டு வந்தவன் நிலை அப்படியன்று. டில்லி விளையாட்டரங்கின் படிக்கட்டுகளில் நாம் அமர்ந்த அந்நாளில், மோகன் பகான் களத்தில் இறங்கினால் வங்காள நண்பர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரிப்பார்கள். பஞ்சாப் போலீஸ் இறங்கினால் மற்றொரு பக்கம் அதிரும். நாமோ இரு பக்கத்தாருக்கும் பொதுவாகக் கைதட்டிவிட்டு, வறுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டிருப்போம். நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் பாராட்டுவது பெருந்தன்மைதான். ஆனால் பெருந்தன்மையோடு மட்டும் கால்பந்து பார்ப்பவனுக்கு அதன் பாதிச் சுவை கிட்டாது என்பது நம் கருத்து.

டில்லியின் குளிர்காலத்தை நம் போன்றவர்கள் டூரண்ட் கோப்பையைக் கொண்டுதான் கணக்கிட்டோம். 1888-ஆம் ஆண்டில் சிம்லாவில் தொடங்கிய பந்தயம் அது. நெடுங்காலம் வெள்ளையர் படைப்பிரிவுகளே அதை மாறி மாறி வென்றுவந்தன. 1940-இல் பந்தயம் டில்லிக்கு வந்தது. அவ்வாண்டு இர்வின் அரங்கில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தார் ராயல் வார்விக்‌ஷயர் படையினரை 2-1 என வென்று, அக்கோப்பையைக் கைக்கொண்ட முதல் இந்தியக் கழகத்தினர் ஆயினர். அந்த அரங்குதான் பின்னர் தேசிய விளையாட்டரங்கம் ஆயிற்று. 1951 மார்ச்சில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் மேவாலால் அடித்த ஒற்றைக் கோலால் இந்தியா ஈரானை வென்று தங்கம் பெற்றதும் அங்கேதான். நம் தந்தையார் அந்த ஆட்டத்தைக் கண்டவர். அதைச் சொல்லத் தொடங்கினால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்.

போராலும் பிரிவினையாலும் நின்றிருந்த டூரண்ட் பந்தயம் 1950-இல் மீண்டும் தொடங்கியது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் கோப்பை ஹைதராபாத் போலீசாரிடமோ கல்கத்தாக் கழகங்களிடமோ சென்றது. 1955-இல்தான் நீலகிரியிலுள்ள வெலிங்டனிலிருந்து ஒரு கட்சி வந்து, இறுதியாட்டத்தில் இந்திய விமானப் படையினரை 3-2 என வென்றது. அதுவே மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர்.

அந்தப் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பள்ளியில் உடன்படித்த பிள்ளைகள் சிலர் நம்மை ‘மதராஸி’ என்று இழுத்துக் கூப்பிடுவார்கள். தஞ்சாவூர்க்காரர், பாலக்காட்டுக்காரர், குண்டூர்க்காரர், மைசூர்க்காரர் எல்லாரும் அவர்களுக்கு ஒரே மதராஸிகள். அச்சொல்லில் பெரும் பகை இல்லை, மதிப்பும் இல்லை. அதே சொல்லைத்தான் மதராஸ் படையினர் தம் போர்முழக்கமாக வைத்திருக்கின்றனர்: ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!’ 1958-இல் அவர்கள் மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தபோது நமக்கு வயது பத்து. எதிரே கூர்க்காப் படையினர். தந்தையார் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நம்மை அழைத்துச் சென்றார். 2-0 என மதராஸ் வென்றது. அன்று கண்ட ஆட்டத்தைக் காட்டிலும் கேட்ட மொழிகளே நம் மனத்தில் அழுத்தமாக நிற்கின்றன. எங்கிருந்து இத்தனை பேர் வந்தார்கள் என்று வியக்கும்படி, முன்னும் பின்னும் தமிழும் மலையாளமும் தெலுங்குமாக ஒலித்தன. முன்பின் அறியாத ஒருவர் நம்மைத் தோளில் தூக்கிக்கொண்டார். மறுநாள் பள்ளியில் ‘ஏ மதராஸி’ என்று யாரோ அழைத்தபோது, ‘ஆம், என்ன வேண்டும்?’ என்று நிமிர்ந்தே கேட்டோம்.

அந்தக் கட்சியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். பெயரோ தமிழ்ப் பெயர். ஆட்டம் தொடங்கியதோ செகந்திராபாத்தில். அவரும் நம்மைப் போல வெளியூர்த் தமிழர் என்று மோதி பாக் பெரியவர்கள் உரிமை கொண்டாடுவார்கள். முதலில் முன்னணியில் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரராக இருந்து, பின்பே கோலைக் காக்க வந்தவர் அவர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். அடிப்பவன் எப்படி எண்ணுவான் என்பதை அறிந்து நின்றதாலேயே அவரைக் கடந்து பந்தைச் செலுத்துவது அரிதாயிற்று என்று நமக்குத் தோன்றும்.

1962 செப்டம்பர் 4-ஆம் நாள் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம். அதை நாம் நேரில் கண்டோமில்லை. ஆயினும் நேரில் கண்ட பல ஆட்டங்களைவிட அது நெருக்கமானது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு விளையாட்டுக்கு அனுமதிக்காததை இந்தியரான சோந்தி கண்டித்திருந்தார். அதனால் அரங்கம் முழுவதும் நம்மவர்மீது சினம் கொண்டிருந்தது. காய்ச்சலில் படுத்திருந்த தங்கராஜ் அன்று எழுந்து கோலுக்கு வந்தார். பின்னணி வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னணியில் நிறுத்தினார். பி. கே. பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் ஒன்றும் அடிக்க, தென்கொரியாவை 2-1 என வென்றோம். அந்த அரங்கில் நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். ரஹீம் அடுத்த ஜூனில் புற்றுநோயால் மறைந்தார். சிக்கும் வங்காளியும் ஹைதராபாத்தாரும் மலையாளியும் தங்கராஜும் சேர்ந்த அந்தக் கட்சி எது என்று அன்று எவரும் கேட்கவில்லை. மறுநாட் செய்தித்தாளைத் தெருவே கூடிப் படித்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அடித்த கோலே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசிக் கோல் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டில் கால் இறுதியாட்டத்தில் சவுதி அரேபியாவிடம் 0-1 எனத் தோற்றோம். அதைப் பற்றி நீட்டிப் பேச மனமில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் மோதி பாக்கில் வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. அவர்களை அழைத்துக்கொண்டு டில்லி கேட் அருகிலுள்ள அம்பேத்கர் அரங்குக்கு இருமுறை சென்றோம். 2007 ஆகஸ்டில் நேரு கோப்பை இறுதியாட்டம். என். பி. பிரதீப்பின் ஒரே கோலால் சிரியாவை வென்று இந்தியா அக்கோப்பையை முதன்முறையாகப் பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 13-இல் ஏ.எஃப்.சி. சாலஞ்ச் கோப்பையின் இறுதியாட்டம். தஜிகிஸ்தானை 4-1 என வென்றோம். சுனில் சேத்ரி மூன்று, பாய்ச்சுங் பூட்டியா ஒன்று. 1984-க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி அன்றுதான் மீண்டும் கிடைத்தது.

சேத்ரி செகந்திராபாத்தில் பிறந்தவர், இராணுவத்தாரின் மகன். பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி நம் மோதி பாக்கை அடுத்த தௌலா குவான் இராணுவப் பள்ளியில். மூன்றாவது கோல் விழுந்ததும் நம் இளையவன், ‘நம்ம ஏரியாப் பையன், அப்பா!’ என்று கூவினான். இவ்வளவு ஆண்டுகளில் ‘நம்ம ஏரியா’ என்ற சொல் நம் வாயில் வந்ததே இல்லை. அவனுக்குத் தங்கராஜின் கதையை வீடு திரும்பும் பேருந்தில் சொன்னோம். ‘கோல் அடிக்கிறவர் எதற்குக் கோல்கீப்பர் ஆனார்?’ என்று கேட்டான். கேட்டவன் பதிலுக்குக் காத்திராமல் உறங்கிவிட்டான். அவ்வாண்டு நவம்பரில் தங்கராஜ் காலமானார்.

டூரண்ட் கோப்பை 2019 முதல் கல்கத்தாவை மையமாகக் கொண்டு நடைபெறுகிறது. படைப்பிரிவுக் கட்சிகள் இன்றும் அதில் ஆடுகின்றன. கல்கத்தா நேயர்கள் வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு மாலை சென்றுவரலாம். வேர்க்கடலை அங்கும் கிடைக்கும்.