பின்னேர மழையும் அரைப்பேரும்

(பெரியநீலாவணையில் நடந்த தொழிலாளர் குடும்பப் பட்டறையில் ஆற்றிய உரை)

 

நேற்று இங்குள்ள மீனவர் ஒருவர் கச்சான் காற்றைப் பற்றிச் சொன்னார். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று, வயல் காயும், மேல் எரியும் என்றார். அந்தக் காற்றை எங்களுக்கும் தெரியும். மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் அதுதான் வாரக்கணக்கில் மழையாகப் பெய்கிறது. ஈரத்தை எங்கள் பக்கம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி உங்களிடம் வருகிறது. எங்கள் மழையின் மிச்சம்தான் உங்கள் கச்சான். ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறும். உங்கள் கடலில் கிளம்பும் ஈரம் எங்கள் மலையில் வந்து விழும்.

இது எப்படி நடக்கிறது? தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. நூறு கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் இருபத்திரண்டு கிலோ அளவில்தான் தூள் வரும். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை விரட்ட எவ்வளவு விறகு எரிக்கிறோம்! அந்தச் சூடு அழிந்துபோவதில்லை, ஆவியோடு சேர்ந்து போகிறது. கடலிலும் இதேதான், அங்கே விறகுக்குப் பதில் வெயில். ஆவி கலந்த காற்று மேலே ஏறிக் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும்போது, ஒளிந்திருந்த சூடு வெளியே வருகிறது. அதனால் மேகத்துக்குள் இருக்கும் காற்று சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகி இன்னும் மேலே ஏறும். ஏற ஏற இன்னும் தண்ணீர், இன்னும் சூடு. தன் விறகைத் தானே சுமந்துகொண்டு போகும் அடுப்பு அது.

எவ்வளவு உயரம் போகும்? பிதுருதலாகலை 2,524 மீற்றர். நம் நாட்டு இடிமேகம் 15 கிலோமீற்றரையும் தொடும். மலைக்கு மேல் இன்னும் ஐந்து மலையை அடுக்கிய மாதிரி. 1958இல் ஹேர்பர்ட் ரீல், ஜோன் மல்கஸ் என்ற இருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பூமத்திய ரேகைப் பக்கம் சேரும் சூட்டை மேலே கொண்டுபோக, ஒரு நேரத்தில் சில ஆயிரம் இடிமேகங்களே போதும் என்று கண்டார்கள். உலகத்தின் காற்றோட்டத்துக்கே அது ஒரு எஞ்சின். அந்த ஜோன், அமெரிக்காவில் வானிலைத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண். இதை நான் வகுப்பில் பெண் பிள்ளைகளைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.

இப்போது நம் மலைக்கு வருவோம். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் காலையில் நல்ல வெயில் அடிக்கும். சரிவு சூடாகும், பள்ளத்தாக்குக் காற்று மேலே ஏறும், கடற்காற்றும் உள்ளே வந்து சேரும். பகல் ஒரு மணிக்கு மேகம் கறுக்கும். இரண்டு மணிக்கு இடி. சரியாக அந்த நேரத்தில்தான் நம் பெண்கள் மலையில் நிற்கிறார்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மலையை விட்டு இறங்க வேண்டும். நிழல் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் ஆகும் வரை திரும்பப் போகவும் கூடாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், இடிக்குப் பயந்து இறங்கியவர்களுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். அடுத்த நாள் யார் இறங்குவார்கள்?

மண்சரிவும் இதே கதைதான். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை ஒருவரையும் தூக்கி வேறிடத்தில் வைக்காது. போக இடம் வேண்டும், போகும் நாளுக்குச் சம்பளமும் வேண்டும்.

கார்த்திகைப் புயலை இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 இரவை மறந்தவர்கள் இங்கே இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் கிழக்குக் கரையை ஒட்டி வந்தது. ஆனால் அதன் மழையில் மலைநாடு சரிந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான ஆவியைத் தாங்கும். நம் பிள்ளைகளின் காலத்தில் கனமழை இன்னும் கனக்கும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழையை மில்லிமீற்றரில் கணக்கிடுகிறது. 75 என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேற்றம். ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டியில் இருக்கும் சின்ன அடிமட்டம் 15 சென்ரிமீற்றர், அதாவது இந்த 150 மில்லிமீற்றர். அடியும் வாயும் ஒரே அகலமான, அடிமட்டத்தைவிட உயரமான பால்மா டின் ஒன்றை லயத்துக்கு வெளியே, கூரைத் தண்ணீர் விழாத திறந்த இடத்தில் வையுங்கள். காலை ஆறு மணிக்கு அளந்து, கொப்பியில் எழுதி, ஊற்றிவிடுங்கள். கடும் மழையில் இரவிலும் பாருங்கள். அடிமட்டம் மூழ்கும் வரை காத்திருக்க வேண்டாம். 10 சென்ரிமீற்றரில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கிளப்புங்கள். சுவரில் வெடிப்பு, கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம் கண்டால் டின்னைப் பார்க்கவே வேண்டாம், உடனே வெளியேறுங்கள்.

அந்தக் கொப்பிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. துரையிடம் பேசப் போகும்போது "மழை பெய்தது" என்றால் அவர் சிரிப்பார். திகதியும் அளவும் போட்ட தாளைச் சிரித்துத் தள்ள முடியாது. இடிக்கு இறங்கிய நாளுக்கும் சிவப்பு எச்சரிக்கை நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும் என்ற தீர்மானம் அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களுக்கு வருகிறது. தலைவர்மார் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.