மூன்று மாதக் கணக்கும் அதன் பின்னே நிற்கும் கொள்கையும்

(அக்கரைப்பற்றில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரை)



மென்பொருட் கம்பனிகளின் கணக்கைப் பற்றி அக்கரைப்பற்றிலே பேசுவதா என்று சிலர் வியக்கலாம். நெல்லின் விலையைப் பற்றிப் பேசு, வாய்க்கால் நீரைப் பற்றிப் பேசு என்பீர்கள். அவை பேசவேண்டியவையே. ஆனால், படித்த நம் பிள்ளைகள் கொழும்பிலே எத்தகைய கம்பனிகளில் வேலை தேடுகின்றார்கள்? வட்டி வேண்டாம் என்று ஒதுங்கிய நம்மவர், ஓய்வுபெற்ற காலத்துப் பணத்தையும் காணி விற்ற பணத்தையும் எங்கே இடலாம் என்று தேடும்போது, பங்குச் சந்தையின் வாசலுக்கே வந்து சேர்கின்றனர். வட்டித் தொழிலையும் மதுத் தொழிலையும் கழித்துவிட்டால், எஞ்சுவனவற்றுள் மென்பொருட் கம்பனி முன்வரிசையில் நிற்கின்றது. ஆதலின் இது நம் ஊர் விடயமே.

கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையில் இடம்பெற்ற கம்பனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடைக்கால நிதிக்கூற்றுகளை வெளியிடுகின்றன. "கணக்காய்வு செய்யப்படாதது" என்று பெரும்பாலும் தலைப்பிலேயே எழுதியிருக்கும். முதற் பக்கத்தில் வருமானம் இவ்வளவு, இலாபம் இவ்வளவு என்று இருக்கும். கடைசிப் பக்கத்தில், "கடந்த ஆண்டின் நிதிக்கூற்றுகளில் பின்பற்றிய கணக்கீட்டுக் கொள்கைகளே இங்கும் பின்பற்றப்பட்டன" என்று சிற்றெழுத்தில் ஒரு வரி இருக்கும். முதற் பக்கத்தை எல்லாரும் பார்க்கின்றனர். கடைசி வரியை எவரும் பார்ப்பதில்லை. நான் பேச வந்தது அந்தக் கடைசி வரியைப் பற்றியே.

ஐதராபாத்திலே நடந்ததனை முதலில் நினைவூட்டுகின்றேன். சத்தியம் கம்பியூட்டர் என்னும் மென்பொருட் கம்பனி 2008 செப்டெம்பர் 30இல் முடிந்த காலாண்டுக்கு ஓர் இடைக்காலக் கணக்கை வெளியிட்டது. வருமானம் இந்திய நாணயத்தில் 2,700 கோடி ரூபாய் என்றும், தொழிற்பாட்டு மிச்சம் 649 கோடி, அதாவது நூற்றுக்கு 24 என்றும் அது கூறிற்று. காலாண்டு முடிந்து நூறு நாள்கூடச் செல்லவில்லை. 2009 ஜனவரி 7ஆம் தேதி அக்கம்பனியின் தலைவர் இராமலிங்க ராஜு தம் இயக்குநர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். மெய்யான வருமானம் 2,112 கோடி. மெய்யான மிச்சம் 61 கோடி. நூற்றுக்கு 3 மட்டுமே! ஐந்தொகையில் கைக்காசும் வங்கிக்காசும் 5,361 கோடி என்று எழுதியிருந்ததில் 5,040 கோடி இல்லவே இல்லை. இல்லாத அந்தக் காசுக்கு 376 கோடி வட்டி சேர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். காசும் கற்பனை; அது போட்ட குட்டியும் கற்பனை! உலகறிந்த கணக்காய்வு நிறுவனமொன்று ஆண்டுதோறும் கையொப்பமிட்டு வந்த கம்பனி அது. சில மாதங்களுக்கு முன்னர்தான் நல்ல நிருவாகத்துக்கென ஒரு பரிசும் வாங்கியிருந்தது. 2015 ஏப்ரலில் ஐதராபாத்துச் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது.

"அது பச்சைப் பொய், பொய்க்கும் கொள்கைக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பொய்யனைப் பிடிக்கப் பொலிசும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனால், ஒரு சதப் பொய்யும் கலவாமல், நியமங்கள் தரும் இடத்துக்குள்ளேயே நின்று, ஒரே வேலையைப் பெரிய இலாபமாகவும் சிறிய இலாபமாகவும் காட்டலாம். அதற்கு நீதிமன்றம் இல்லை. வாசிக்கின்றவன்தான் நீதிபதி.

எது வருமானம், எப்போது வருமானம் என்பதில்தான் எல்லாம் தொடங்குகின்றது. இது கமக்காரர் அறியாத பாடமன்று. டிசம்பர் 31இல் நம் வட்டைகளைப் போய்ப் பாருங்கள். பெரும்போக வேளாண்மை பச்சைப் பசேலென்று நிற்கும். உழவுக்கூலி போய்விட்டது, விதைநெல் போய்விட்டது, பசளைக் காசும் போய்விட்டது. அன்றைக்கு எந்தப் போடியாராவது, "இத்தனை மூடை நெல் விற்றேன்" என்று கொப்பியில் எழுதுவாரா? எழுதமாட்டார். வெள்ளம் இருக்கின்றது, அறக்கொட்டி இருக்கின்றது, யானை இருக்கின்றது. விளைச்சலின் ஸகாத்தும் அறுவடையின்போதே கடமையாகின்றது, விதைத்த நாளிலன்று. காலம் கனிந்த பின்னரே கணக்கு என்னும் ஒழுங்கு நம்மிடம் உண்டு.

மென்பொருளுக்கு அறுவடை நாள் எது? இங்கேதான் சிக்கல். ஒரு கம்பனி மூன்றாண்டுக்கு 36 இலட்சம் ரூபாய்க்குச் சம்பளப் பட்டியல் மென்பொருள் ஒன்றை விற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். பணம் முழுவதும் முதல் நாளே வந்துவிட்டது. மென்பொருள் கம்பனியின் கணினியிலேயே இருக்க, வாங்கியவர் மூன்றாண்டும் அதனை அணுகிப் பயன்படுத்துகின்றார் என்றால், காலாண்டொன்றுக்கு 3 இலட்சமே வருமானம்; மிகுதி இனிச் செய்யவேண்டிய கடமை; ஐந்தொகையில் பொறுப்பாக நிற்கவேண்டும். மென்பொருளை முற்றாகக் கையளித்து, இனி இது உம்முடையது, உம் விருப்பம்போல் பயன்படுத்தும் என்று விட்டால், 36 இலட்சமும் அந்தக் காலாண்டிலேயே வருமானமாகலாம். 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 15 இவ்விரு வழிகளையும் வேறுபடுத்துகின்றது. எந்த ஒப்பந்தம் எந்த வழி என்று முதலில் தீர்மானிப்பவர் கம்பனிக்குள்ளே இருப்பவர்தான்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு வங்கிக்காக ஓராண்டு உழைத்துப் புதிதாக ஒன்றை ஆக்கிக் கொடுக்கின்றார்கள். காலாண்டு முடிவில் வேலை எவ்வளவு முடிந்தது? பொறியியலாளர் செலவிட்ட மணித்தியாலத்தை மொத்த மதிப்பீட்டு மணித்தியாலத்தால் வகுத்துப் பார்க்கின்றார்கள். மொத்தம் 1,000 மணித்தியாலம், செலவானது 500 என்றால் பாதி வருமானத்தை எழுதலாம். உண்மையில் 2,000 தேவைப்படும் என்றால் காற்பங்குதான் எழுதலாம். பிழையான மதிப்பீடு பொய்யென்று எவரும் சொல்லமாட்டார். "எதிர்பாராத தாமதம்" என்பார்கள். இந்தப் பணம் இன்னும் கேட்கப்படாத பணம். ஐந்தொகையில் "ஒப்பந்தச் சொத்து" என்னும் பெயரில் ஒளிந்திருக்கும். வருமானம் கூடும் வேகத்தைவிட அந்தச் சொத்து வேகமாகக் கூடினால் அங்கே நின்று யோசியுங்கள்.

செலவை மறைக்கும் வழி இதனினும் நுட்பமானது. உழவு இயந்திரம் வாங்கினால் அதன் விலையைப் பல போகங்களுக்குப் பங்கிடுகின்றோம். களை பிடுங்கிய கூலியை அந்தப் போகத்திலேயே கழிக்கின்றோம். களைக்கூலியையும் இயந்திரத்தைப் போல எழுதினால் இந்தப் போகத்து இலாபம் எப்படிப் பொங்கும்! மென்பொருட் கம்பனிக்குப் பெருஞ்செலவு சம்பளம். புதிய பொருளொன்றை உருவாக்கச் செலவான சம்பளத்தை, அது முடியும், விற்கும், பயன் தரும் என்று காட்டக்கூடிய கட்டத்தின் பின்னர், சொத்தாக எழுத நியமம் இடம்கொடுக்கின்றது. அதற்கு முந்திய ஆராய்ச்சிக் கட்டத்துச் சம்பளத்தை எழுதக்கூடாது. ஆராய்ச்சி எங்கே முடிந்தது, ஆக்கம் எங்கே தொடங்கிற்று? 5 கோடி சம்பளத்தில் 2 கோடியை ஐந்தொகைக்கு மாற்றினால் அந்தக் காலாண்டின் இலாபம் 2 கோடி உயரும். காசு என்னவோ போனது போனதுதான். ஆதலின் காசோட்டக் கூற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இலாபத்தை வாசிக்கவேண்டும்.

வரியை ஆண்டு முழுமைக்குமான விகிதத்தை மதிப்பிட்டுப் பங்கிடுகின்றார்கள். அதில் அதிக ஆபத்தில்லை.

2022ஆம் ஆண்டை மறந்துவிடவேண்டாம். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. மாதம் ஓர் இலட்சம் டொலருக்கு வேலை செய்த கம்பனியின் ரூபாய் வருமானம் 2 கோடியிலிருந்து 3 கோடி 60 இலட்சமாயிற்று. ஒரு வரி மென்பொருள்கூட அதிகமாக எழுதாமலே! வங்கியில் வைத்திருந்த டொலரும் நாணய மாற்று இலாபமாக மலர்ந்தது. 2021இல் வந்த இரசாயன உரத் தடையால் நம் வயல்கள் வாடியதும் அதே காலத்தை ஒட்டித்தான். இங்கே நட்டம், அங்கே வளர்ச்சிப் பட்டியல். கம்பனியைக் குறை கூறுவதற்கில்லை, நியமப்படியே எழுதினார்கள். ஆனால் டொலரில் எவ்வளவு வளர்ந்தது என்று கேட்காமல் ரூபாய் வளர்ச்சியைக் கண்டு பங்கு வாங்கியவர், உழைப்பை வாங்கவில்லை, நாணய வீழ்ச்சியை வாங்கினார்.

இனி நான் கேட்க வந்த ஒன்றைக் கேட்கின்றேன். நான் பார்த்த மென்பொருட் கம்பனிகளின் இடைக்காலக் கணக்குகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தன. இலக்கம் எல்லா மொழிக்கும் பொது, கொள்கை அப்படியன்று. நான் இதுவரை சொன்ன அத்தனையும் குறிப்புகளில், சொற்களில் இருக்கின்றன. நம்மவர் ஒருவர் இலக்கத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்கலாம். கொள்கையை வாசித்துக் கொடுக்காமல் விடமுடியாது. இது என்ன நீதி? கம்பனி தனியாருடையது, அரசமொழிச் சட்டம் அதனைக் கட்டாது என்பார்கள். தனியாருடையதுதான். ஆனால் பணம் கேட்டுப் பொதுமக்களிடம் வந்த பின்னர், பதில் சொல்லும் மொழி மட்டும் தனியாருடையதாக இருக்கலாமா? வங்கிகளின் காலாண்டுக் கணக்குகள் தமிழ்ப் பத்திரிகைகளில் தமிழிலே வருகின்றன. வங்கிகளுக்கு இயலுவது மொழிபெயர்ப்பு மென்பொருளே ஆக்கவல்ல கம்பனிகளுக்கு இயலாதா?

கணக்கு முழுவதையும் கேட்கவில்லை. வருமானத்தை எப்போது எழுதுகின்றார்கள், இன்னும் கேட்கப்படாத பணம் எவ்வளவு, சொத்தாக மாற்றிய சம்பளம் எவ்வளவு, நாணய மாற்றினால் வந்தது எவ்வளவு, இவற்றைக் கூறும் இரண்டு பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும். கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை இதனைத் தன் விதிகளில் சேர்க்கவேண்டும் என்று இக்கூட்டம் தீர்மானம் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றேன். பங்கு வைத்திருக்கும் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் இதே கேள்விகளைத் தமிழில் எழுப்பவேண்டும்.

செப்டெம்பர் முடிவுக் காலாண்டின் கணக்குகள் நவம்பர் நடுப்பகுதிக்குள் வெளிவந்துவிடும். விதைப்பு வேலை நடக்கும் காலம் அது. எனினும் ஓர் இரவு ஒதுக்குங்கள். இங்கே இருக்கும் பட்டதாரிப் பிள்ளைகள் ஒரு கம்பனியின் கணக்கையாவது அச்சிட்டு எடுத்து வரட்டும். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி வரிவரியாகத் தமிழில் வாசிப்போம்.