சியோனிச எதிர்ப்பு: வேர்களை அறிவோம்

 

ஃபலஸ்தீனத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசாத நாளில்லை. ஆனால், சியோனிசத்தை முதலில் எதிர்த்தவர்கள் யார் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

யூதர்களுக்கு ஃபலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டும் என்பதே சியோனிசம். ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட கொடுமைகளிலிருந்து பிறந்த கொள்கை அது. 1897-இல் அதன் முதல் மாநாட்டை மியூனிக்கில் நடத்த தியோடர் ஹெர்சல் திட்டமிட்டார். அவ்வூர் யூதர்களே எதிர்த்ததால், மாநாடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு மாறியது.

1899-இல் ஜெருசலத்தின் முன்னாள் மேயர் யூசுஃப் ழியா அல்காலிதி, பிரான்ஸின் தலைமை ரப்பி வழியாக ஹெர்சலுக்குக் கடிதம் எழுதினார். யூதர்களின் துயரத்தையும் அந்த மண்ணோடு அவர்களுக்குள்ள பழைய உறவையும் அவர் மறுக்கவில்லை. அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்கிறார்கள், அந்த நாட்டை விட்டுவிடுங்கள் என்றே வேண்டினார். பின்னர் ஹைஃபாவின் 'அல்கர்மில்', யாஃபாவின் 'ஃபலஸ்தீன்' ஆகிய ஏடுகள் எதிர்ப்பை மக்களிடம் கொண்டு சென்றன. இரண்டையும் தொடங்கியவர்கள் அரபுக் கிறிஸ்தவர்கள்.

1917-இல் பால்ஃபர் பிரகடனத்தைக் கடுமையாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. அன்றைய பிரிட்டிஷ் அமைச்சரவையின் ஒரே யூதர். இந்தியாவுக்கான அமைச்சரும் அவரே.

ஹிட்லர் ஆட்சி சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றபின், தயங்கி நின்ற யூதர்கள் பலரும் சியோனிசத்தின் பக்கம் சாய்ந்தனர். 1948-இல் ஃபலஸ்தீனர்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அதன்பின் எதிர்ப்பு ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் பரவியது. சியோனிசம் இனவாதத்தின் ஒரு வடிவம் என்று 1975-இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது, 1991-இல் அதை ரத்தும் செய்தது.

இந்த வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? யூத மூப்பர்கள் உலகை ஆளத் தீட்டிய ரகசியத் திட்டம் என்று ஓர் ஆவணம் பல மொழிகளில் சுற்றி வருகிறது. 1903-இல் ரஷ்யாவில் வெளியான அது போலி என்பதை லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் 1921-லேயே அம்பலப்படுத்திவிட்டது. இப்படிப்பட்ட பொய்கள்தாம் ஐரோப்பாவில் யூதர்களைக் கொல்லத் துணை நின்றன. அதை நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஃபலஸ்தீனத்தின் நியாயமான வழக்கு நம் கையாலேயே பலவீனப்படும்.

நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களின் உரிமையைப் பேசுவோம். ஓர் இனத்தையே பழிக்கும் பேச்சு நம் வீட்டில் வேண்டாம். பகையிலும் நீதி தவறாதவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.