படிப்பகத்து விளக்கும் பழைய பேட்டரியும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையிலே பழைய பேட்டரியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். மின்சாரம் யாருக்கு என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள், மின்சாரப் பொறுப்பையும் தாங்கினார்கள். மலிவான, தாராளமான மின்சாரமின்றித் தொழில் வளராது, வறுமையும் தீராது என்று 1943 அக்டோபரில் மின்சக்திக் கொள்கைக் குழுவின் தலைமையிலிருந்து எடுத்துரைத்தார்கள். இன்று நம் மாவட்டத்துக் கமுதியிலேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. ஆயினும் தேர்வுக்கு முந்திய இரவில் மின்சாரம் நின்றால், இன்வெர்ட்டர் உள்ள வீட்டுப் பிள்ளை தொடர்ந்து படிக்கிறது. நம் பிள்ளை புத்தகத்தை மூடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபின், நமக்கு வடக்கேயுள்ள டெல்டாச் சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

ஆகவே நம் இளைஞர்கள் தாமே ஒரு சிறு மாற்று மின் அமைப்பைக் கட்டிக்கொள்ள முனைவது பாராட்டத்தக்கது. பேட்டரி, சார்ஜர், நான்கு எல்.இ.டி. விளக்குகள், ஒரு ஃபியூஸ்: இவ்வளவே போதும். இவற்றுள் நம்மை ஏமாற்றக்கூடியது பேட்டரி ஒன்றுதான். அலுவலகங்களில் கழித்துப்போட்ட 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பேட்டரிகள் காயலான் கடைக்கு வருகின்றன. அவற்றுள் பாதி உயிருள்ளவையும் உண்டு, முற்றிலும் செத்தவையும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே.

கடைக்காரர் மீட்டரை வைத்து, "பாருங்கள், 13 வோல்ட்" என்பார். அதை நம்பிவிடாதீர்கள். சற்றுமுன் சார்ஜ் செய்த பேட்டரி, உள்ளே சரக்கில்லாவிட்டாலும் சிறிது நேரம் உயர்ந்த அழுத்தத்தையே காட்டும். சார்ஜரைக் கழற்றி ஓர் இரவு சும்மா வைத்து, காலையில் அளக்க வேண்டும். முழுமையாக நிறைந்த ஈய-அமிலப் பேட்டரி அப்போது 12.7 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. எவ்வளவு சார்ஜ் செய்தும் பத்தரையிலேயே நின்றால், உள்ளிருக்கும் ஆறு அறைகளில் ஒன்று மடிந்துவிட்டது என்று பொருள். ஒவ்வோர் அறையும் தருவது இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஓய்வில் நல்ல அழுத்தம் காட்டுவதும் போதாது. சுமை ஏற்றிப் பார்த்தால்தான் மாட்டின் திறம் தெரியும், பேட்டரியும் அவ்வாறே. மோட்டார் வண்டியின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணையுங்கள். அது சுமார் ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். இணைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கால்மணிக்கொரு தடவை அழுத்தத்தை நோட்டில் எழுதுங்கள். 10.5 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும்; அதற்குக் கீழே இறக்கினால் நல்ல பேட்டரியும் கெடும். ஆம்பியரை மணியால் பெருக்கினால் கிடைப்பதே அதன் உண்மைக் கொள்ளளவு. இரண்டு மணி நேரம் எரிந்தால் மூன்றரை ஆம்பியர்-மணி. மேலே 7 என்று அச்சிட்டிருக்கிறதே என்பீர்கள். அக்கணக்கு 20 மணி நேரத்தில் மெல்லமெல்ல எடுப்பதற்கு உரியது. விரைந்து எடுத்தால் குறைவாகவே கிடைக்கும். புதிய பேட்டரியே இந்தப் பல்புக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே இரண்டு மணி நின்ற பழைய பேட்டரியை நான் தாராளமாக வாங்குவேன். நான்கு ஐந்து வாட் விளக்குகளும் ஏறக்குறைய அதே சுமைதானே! சோதனை முடிந்த உடனே மீண்டும் சார்ஜில் போடுங்கள். வெறுமையாக நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, பின்னர் கரைவதில்லை.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியாயின் ஹைட்ரோமீட்டரே சிறந்த சாட்சி. நிறைந்த நிலையில் அமிலத்தின் அடர்த்தி 1.26 அளவில் இருக்கும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால் நோய் அங்கேதான். உப்பூர்க்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நம் கிணற்று நீரை அதில் ஊற்றாதீர்கள். ஊரின் பெயரே சொல்கிறது. நீரிலுள்ள குளோரைடு தகடுகளை அரிக்கும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஏற்றது. கடற்காற்று முனைகளிலும் பச்சை பூக்கச் செய்யும். சுத்தம் செய்து வாசலின் தடவினால் போதும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். சன்னல் திறந்திருக்கட்டும்; அருகில் பீடி பற்றவைக்க வேண்டாம். பேட்டரியின் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும். லேப்டாப்பிலிருந்து கழற்றும் லித்தியம் செல்களைத் தொடக்கநிலையில் உள்ளோர் தவிர்ப்பதே நலம். ஈயப் பேட்டரியின் சார்ஜரை அவற்றிற்குப் பயன்படுத்துவது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும்.

செத்த பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்க எவரும் முற்பட வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. இந்நாட்டில் நச்சு வேலைகள் யார் தலையில் சுமத்தப்படுகின்றன என்பதை இந்த அவையில் நான் விளக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்திருக்கின்றன. விற்ற கடையிலேயே ஒப்படைத்து, புதிய விலையில் கழிவு கேளுங்கள்.

இத்துறையில் மேலே படிக்க விரும்புவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1953இல் செயற்படத் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் காரைக்குடியிலேயே இருக்கிறது. பேட்டரி அதன் முதன்மையான ஆய்வுப் பொருள்களில் ஒன்று. வேதியியலில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள் அதன் வாயிலை எட்ட வேண்டும் என்பது என் அவா.

பின்புற மேசையில் இரண்டு பேட்டரிகளும், ஒரு மீட்டரும், பல்பும் வைத்திருக்கிறேன். இரண்டும் நேற்றிரவே சார்ஜரிலிருந்து கழற்றியவை, ஒன்றுதான் தேறும். எது என்பதை உணவு வேளைக்குள் இளைஞர்கள் அளந்து சொல்லட்டும்.