இயற்கை வாயுவும் வளர்முக நாட்டு இளைஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்து வாலிபர் சங்கத்தின் மேடையிலே இயற்கை வாயுவைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்த பெரியோர் எம்மைப் பொறுத்தருள்வார்களாக. ஆயினும் இவ்விரண்டுக்கும் தொடர்பே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. கஸ்பியன் கடலோரத்திலே, அசர்பைஜான் நாட்டின் பாக்கு நகருக்கு அருகில், சுரகானி என்னும் ஊரிலே பழைய அக்கினிக் கோயில் ஒன்று உண்டு. நிலத்தின் வெடிப்புகளிலிருந்து தானாகக் கசிந்த வாயு அங்கே இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது. அவ்வழியே சென்ற இந்திய வணிகரும் துறவிகளும் அந்தச் சுவாலையைச் சுற்றி மண்டபமும் அறைகளும் அமைத்து வழிபட்டார்கள். விநாயகர் வணக்கத்தோடு தொடங்கும் வடமொழிக் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கின்றது. பிற்காலத்திலே சுற்றுப்புறமெங்கும் கிணறு தோண்டி எண்ணெயும் வாயுவும் எடுத்தபோது இயற்கைச் சுவாலை அணைந்துபோயிற்று. இப்போது அங்கே எரிவது குழாய் வழியாகக் கொண்டுவரப்படும் வாயுவே. அவ்வாறு கிணறு தோண்டி எடுத்து விற்கப்படும் வாயுவைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலிலே ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நன்று. வாயு என்றதும் எமது தாய்மாருக்குச் சமையலறைச் சிலிண்டர் நினைவுக்கு வரும். 2022ஆம் ஆண்டிலே அதற்காகக் கால் கடுக்க நின்ற வரிசையும் நினைவுக்கு வரும். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. சிறிது அமுக்கினாலே அது திரவமாகிவிடும். இயற்கை வாயுவோ பெரும்பாலும் மெதேன். அதனைப் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை சதம அளவுக்குக் குளிரவைத்தாலன்றிக் கப்பலில் ஏற்றத்தக்க திரவமாகாது. அப்படித் திரவமாக்கினால் அறுநூறு பங்கு இடத்தை அடைத்த வாயு ஒரு பங்கு இடத்துள் அடங்கும். இந்தக் குளிர்விக்கும் வேலைக்குத்தான் மலைபோன்ற முதல் வேண்டியிருக்கின்றது. முதல் போடுபவன் யார், அதனால் வேலை பெறுபவன் யார் என்ற கேள்விகள் எல்லாம் அங்கிருந்தே பிறக்கின்றன.

இந்த விஷயத்தை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டிலே எமது அங்கத்தவர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு கடிதத்தோடு எம்மிடம் வந்தார். ஆபிரிக்காவிலே மொசாம்பிக் நாட்டில், பல்மா என்னும் ஊருக்கு அருகே வாயு ஆலை ஒன்றிலே வேலை, உணவும் இருப்பிடமும் இலவசம், சம்பளம் டொலரிலே. முன்பணமாக ஆறு இலட்சம் ரூபா கட்டவேண்டும் என்று தரகர் சொல்லியிருந்தார். தாயார் தோட்டக் காணியை ஈடு வைக்க ஆயத்தமாயிருந்தார். கடிதத்தின் தாள் நல்ல தாள். முத்திரையும் அழகாக இருந்தது. நாமும் அதைப் பார்த்துவிட்டு, "நல்லதாகத்தான் தெரிகிறது, தம்பி" என்றோம். அவ்வாறு சொன்னது எமது பிழை. பணம் போயிற்று, தரகரும் போய்விட்டார். கடிதத்திலே குறித்திருந்த இடத்தில் 2021 முதல் வேலையே நிறுத்தப்பட்டிருந்தது என்பதைப் பின்னரே படித்து அறிந்தோம். அன்று நாம் அறியாதிருந்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

மொசாம்பிக் முன்னர் போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்து 1975இல் விடுதலை பெற்ற நாடு; உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்று. அதன் வடகோடியிலே, தன்சானியாவின் எல்லையை அடுத்து, காபோ டெல்காடோ என்னும் மாகாணம் உண்டு. அதற்கு அப்பாலுள்ள ஆழ்கடலிலே 2010இலும் 2011இலும் மிகப் பெரிய வாயுப் படிவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. உடனே உலகமெங்குமிருந்து முதலாளிகள் வந்தார்கள். அபுங்கி முனையிலே அமைக்கத் திட்டமிட்ட ஆலைக்கு 2019இல் அனுமதி முடிவாயிற்று. அதன் செலவு சுமார் 2,000 கோடி அமெரிக்க டொலர். ஆண்டொன்றுக்கு 130 இலட்சம் தொன் திரவ வாயு எடுப்பது நோக்கம். பிரான்சின் டோட்டல் கொம்பனி அதை நடத்துகின்றது. யப்பானியரும் தாய்லாந்தினரும் பங்காளிகள். இந்திய அரசாங்கக் கம்பனிகள் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 30 பங்கு வைத்திருக்கின்றன. மொசாம்பிக் அரசின் கம்பனிக்கு உள்ள பங்கு 15. அந்தப் பதினைந்துக்கும் முதல் போடவேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. கையிலே பணமில்லாத நாடு கடன்பட்டுத்தான் பங்காளியாகவேண்டும்.

அவ்விடத்திலே கித்துப்போ என்னும் ஊரில் மீன்பிடித்தும் மரவள்ளி பயிரிட்டும் வாழ்ந்த குடும்பங்களைக் கித்துந்தா என்னும் புதிய குடியேற்றத்துக்கு மாற்றினார்கள். வீடுகள் கல்வீடுகளே. ஆனால் கடல் தூரமாய்விட்டது, தோட்ட நிலம் வந்துசேரவில்லை என்று அம்மக்கள் முறையிட்டார்கள். வேலை கிடைக்கும் என்று காத்திருந்த வாலிபருக்கு, வெளியூரவர் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையாயிற்று. அந்த மாகாணத்திலே 2017இல் ஆயுதக் கலகம் மூண்டது. அதற்குக் காரணம் வாயு மட்டுமே என்று சொல்வது பொருந்தாது. அது வாயு ஆலைக்கு முந்திய வறுமையிலும் புறக்கணிப்பிலும் வேரூன்றியது, மத வெறியும் அதிலே கலந்தது. ஆயினும் ஏமாந்த வாலிபர் இருக்கும் இடத்திலே ஆயுதத்துக்கு ஆள் சேர்ப்பது எளிது. இதை இலங்கையிலிருக்கும் எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2021 மார்ச் 24ஆந் திகதி பல்மா நகரம் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே ஆலை வேலை முழுவதும் நிறுத்தப்பட்டது. 2025 நவம்பரிலேதான் அந்தத் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட நாலரை ஆண்டும் போட்ட முதல் முடங்கிக் கிடந்தது.

அதே கடலிலே இத்தாலியரின் எனி கொம்பனி வேறொரு வழியை மேற்கொண்டது. கரையிலே ஆலை கட்டாமல், கடலில் மிதக்கும் ஆலையாகவே கட்டுவித்தது. 432 மீற்றர் நீளமான அந்த மிதவை தென் கொரியாவிலே கட்டப்பட்டு, 2022 தொடக்கத்திலே மொசாம்பிக் கடலுக்கு இழுத்து வரப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே முதற் கப்பல் சரக்கு ஏறியது. எடுப்பது அனைத்தையும் இருபது ஆண்டுக்கு ஆங்கிலக் கொம்பனி ஒன்றே வாங்கிக்கொள்ள ஒப்பந்தம். முதல் போட்டவருக்கு இது மிக நல்ல ஏற்பாடு. கலகக்காரர் கடலின் நடுவிலே வரமாட்டார்கள் அல்லவா! ஆனால் வேலையை நோக்குங்கள். உருக்கை வெட்டி ஒட்டிய ஆயிரக்கணக்கான கைகள் கொரியாவின் கைகள். மிதவையிலே தங்குவதற்கு இருக்கும் இடம் 350 பேருக்கு மட்டுமே.

இயற்கை வாயுத் தொழிலின் இயல்பே இதுதான். ஆலையைக் கட்டும் நாலைந்து ஆண்டுகளிலே ஆயிரம் ஆயிரமாக ஆள் வேண்டும்; கட்டி முடிந்ததும் சில நூறு பேர் போதும். தேயிலைத் தோட்டத்தையோ நெசவாலையையோ போல ஊரையே வேலைக்கு எடுக்கும் தொழில் இதுவன்று.

மொசாம்பிக் செய்த இன்னொரு தவறையும் சொல்லாமல் விட முடியாது. வாயு வரப்போகிறது என்ற நம்பிக்கையிலே 2013இலும் 2014இலும் சுமார் 200 கோடி டொலர் கடன் வாங்கப்பட்டது. சூரை மீன் பிடிக்கும் படகுகளுக்கும் கடற்காவலுக்கும் என்றார்கள். பெரும்பகுதி பாராளுமன்றத்துக்கே தெரியாது. 2016இல் அது வெளிப்பட்டதும் சர்வதேச நாணய நிதியம் உதவியை நிறுத்தியது. நாணய மதிப்புச் சரிந்தது. அரிசி, பாண் விலை ஏறியது. கடலிலிருந்து ஒரு துளி வாயு ஏற்றுமதியாகும் முன்பே இத்தனையும் நடந்து முடிந்தது.

இதற்கு மாறாக, மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள திரினிடாட்டைப் பாருங்கள். 1845 தொடக்கம் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் சந்ததியார் பெருந்தொகையாக வாழும் நாடு அது. கோயில்களும் தீபாவளியும் அங்கே உண்டு. எண்ணெயோடு வந்த வாயுவை முன்னர் வீணே எரித்துவிட்டார்கள். 1975இல் அரசாங்கம் தேசிய வாயுக் கொம்பனியை நிறுவி, வாயுவை அப்படியே விற்றுவிடாமல், அதை மூலப்பொருளாகக்கொண்டு அமோனியாவும் மெதனோலும் செய்யும் ஆலைகளைப் பொயின்ற் லிசாஸ் என்னுமிடத்திலே வளர்த்தது. அந்தச் சிறு தீவு அவ்விரு பொருளினதும் ஏற்றுமதியிலே உலகில் முதலிடத்துக்கு வந்தது. திரவ வாயு ஏற்றுமதி 1999இலே தொடங்கியது. அவர்கள் செய்த புத்தியான காரியம் யாதெனில், ஆலையோடு கூடவே பயிற்சிக் கூடங்களையும் அமைத்ததுதான். தொடக்கத்திலே பிறநாட்டார் இருந்த இடங்களில் பின்னர் அந்நாட்டு எஞ்சினியர்களும் தொழில்நுட்பவியலாளரும் அமர்ந்தார்கள். வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிப்பு நிதியாக ஒதுக்கினார்கள். 2023இலே அதில் 500 கோடி டொலருக்கு மேல் இருந்தது.

அங்கும் பாலும் தேனும் ஓடவில்லை. நாட்டின் வருமானத்திலே வாயுவும் எண்ணெயும் பெரும்பங்கு. ஆனால் உழைப்பாளர் நூறு பேரிலே அத்தொழிலில் இருப்பவர் ஐந்துக்கும் குறைவு. 2010க்குப் பின் வாயு உற்பத்தி குறைந்தது. 2020இன் இறுதியிலே திரவமாக்கும் நான்கு ஆலைகளில் முதலாவது வாயு போதாமல் நின்றது. சிறு சேமிப்புக்காரர் பங்கு வாங்குவதற்கென 2015இல் வாயுக் கொம்பனியின் துணைக் கொம்பனி ஒன்று பங்கு விற்றது. ஒரு பங்கு 20 திரினிடாட் டொலர். ஆசிரியரும் தாதிமாரும் ஓய்வூதியக்காரரும் வாங்கக்கூடிய விலை. பின்னாளிலே அப்பங்கு அவ்விலையின் பெரும்பகுதியை இழந்துவிட்டது. ஓய்வூதியப் பணத்தை ஒரே பண்டத்திலே போட எண்ணும் பெரியோர் இதைக் கவனிக்க. வாயுவின் விலை எவ்வளவு தாறுமாறானது என்பதற்கு ஒன்று சொல்வோம்: ஆசியச் சந்தையிலே ஓர் அலகு 2020 ஏப்பிரலில் இரண்டு டொலருக்கும் கீழே விற்றது, 2022 ஓகஸ்டில் எழுபதுக்கு மேலே போயிற்று. அந்த ஆண்டிலே ஐரோப்பியர் கூடிய விலை கொடுத்து வாங்க, பாகிஸ்தானும் வங்காளதேசமும் வாயுவின்றி இருளில் கிடந்தன.

இனி எமது சொந்தக் கடலுக்கு வருவோம். திருக்கேதீச்சரத்துக்கு யாத்திரை போய் வரும் எமக்கு மன்னார் புதிதன்று. ஆனால் மன்னார்த் தீவின் பேசாலையிலே 1970களில் சோவியத் உதவியோடு எண்ணெய்க் கிணறு தோண்டிப் பார்த்த செய்தியை இளைஞரில் எத்தனை பேர் அறிவர்? அப்போது பயனில்லை. பின்னர் 2011இல், மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலிலே, இந்தியக் கம்பனி ஒன்றின் கிளை தோண்டிய கிணறுகள் இரண்டில் வாயு கண்டது. ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழம். எடுக்கும் செலவோ பெரிது. உலக விலையோ விழுந்தது. 2015இல் அக்கம்பனி விட்டுவிட்டுப் போயிற்று. இருக்கின்றது என்பது நிச்சயம். எடுத்தால் கட்டுமா என்பதே கேள்வி. கட்டும் என்று எவராவது வந்தால், எத்தனை பங்கு, எத்தனை வேலை, பயிற்சி எங்கே, மீனவரின் கடல் என்னாகும் என்று கேட்கத் தெரிந்த வாலிபர் வடக்கிலே இருக்கவேண்டும். மொசாம்பிக்கின் மீனவரிடம் அவ்வாறு கேட்டுக்கொடுக்க ஆட்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள்.

அதுவரை இளைஞர் என்ன கற்பது? பட்டப்படிப்பு உள்ளவருக்கு இரசாயனப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் உண்டு. அதை விரித்துரைக்கத் தேவையில்லை. கைத்தொழில் கற்போருக்கே அதிகம் சொல்லவேண்டும். அவ்வளவு குளிரிலே சாதாரண உருக்குக் கண்ணாடிபோல வெடித்துவிடும். ஆகவே தாங்கிகளுக்கு நூற்றுக்கு 9 வீதம் நிக்கல் கலந்த உருக்கு, குழாய்களுக்குத் துருப்பிடியா உருக்கு. இவற்றை ஒட்டும் வெல்டிங்காரன் சாதாரண கேற் செய்யும் வெல்டிங்காரனல்லன். நாற்பத்தைந்து பாகை சரிவிலே அசையாது நிறுத்திய குழாயைச் சுற்றிவர ஒட்டிக் காட்டவேண்டும். ஒட்டிய இடத்தை எக்ஸ்கதிரால் படம்பிடித்துப் பார்ப்பார்கள். தேறினால் அந்தத் தகைமையை உலகின் எந்த வாயு ஆலையும் மதிக்கும். கருவி திருத்துவோர், குழாய் பொருத்துவோர், சாரங்கட்டுவோர், பாதுகாப்பு அலுவலர் ஆகியோருக்கும் இடமுண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2016 முதல் இயங்கும் ஜேர்மன் பயிற்சி நிறுவனம் எமது பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றது. தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழோடு ஆங்கிலமும் வேண்டும். எச்சரிக்கைப் பலகையை வாசிக்கத் தெரியாதவனை வாயு ஆலைக்குள் விடமாட்டார்கள்.

கடிதம் ஏதும் வந்தால், தரகரின் உரிமப்பத்திரம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே பதிவாகியுள்ளதா என்று முதலிலே விசாரியுங்கள். ஆலை கட்டப்படுகிறதா, ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கொம்பனிகள் பெரும்பாலும் அதை வெளியிட்டே இருக்கின்றன. கட்டும் காலத்து வேலையானால் எத்தனை மாதம் என்று கேளுங்கள். தாயாரின் காணி உறுதியைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். இவற்றைப் பார்த்துச் சொல்வதற்குச் சங்கத்திலே மூவர் கொண்ட சிறு குழு ஒன்றை நியமிக்கும்படி நிர்வாக சபையை வேண்டியிருக்கிறோம். ஞாயிறு மாலைகளிலே வாசிகசாலையில் இருப்பார்கள்; ஒரு சதமும் வாங்கமாட்டார்கள்.

ஆறு இலட்சத்தை இழந்த அந்தத் தம்பி கிளிநொச்சியிலே வெல்டிங் படிக்கிறார். சரிந்த குழாய்ப் பரீட்சைக்கு அடுத்த மாதம் தோற்றுகிறார். மேற்சொன்ன குழுவிலே ஒருவராக இருப்பதற்கு அவரே முதலாவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.